அட்சரகணித இடத்தியல் படிக்க ஆசை, எங்கிருந்து தொடங்குவது?

மல்லாவிக்காரி:
யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கணிதம், மூன்றாம் வருசம். படித்து முடித்து ஆசிரியர் நியமனத்தோடு ஊரில் இரு என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கு ஆங்கிலேயக் கணிதவியலாளர் பிராங்க் அடம்ஸ் மாதிரி அட்சரகணித இடத்தியலில் (algebraic topology, வடிவங்களை அட்சரகணிதத்தால் ஆராயும் துறை) ஆராய்ச்சி செய்ய ஆசை. அவர் எப்படி அந்த நிலைக்கு வந்தார்? இப்போது லீவில் மல்லாவியில் நிற்கிறேன். என்ன புத்தகம் இறக்கி வைக்கலாம்?

வட்டக்கச்சி அண்ணன்:
தங்கச்சி, கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம், 1964 இல் மான்செஸ்டரில் பேராசிரியர், 1970 இல் திரும்பவும் கேம்பிரிட்ஜ். இது விக்கிபீடியாவிலேயே கிடக்கும். அவர் பிடித்த கேள்வியைப் பார். தளத்தில் உள்ள புள்ளிகளைச் சிக்கலெண்களாக எடுத்தால் பெருக்கவும் வகுக்கவும் ஏலும். ஹமில்டன் என்ற ஐரிஷ் கணிதவியலாளர் அதை மூன்று பரிமாணத்தில் தேடிக் களைத்து, 1843 இல் நாலில் கண்டுபிடித்தார். எட்டிலும் உண்டு. ஒரு பரிமாணமான சாதாரண எண்கோட்டை விட்டால் வேறெங்கும் இல்லை என்று 1958 இல் கணிதவியலாளர்கள் கெர்வேரும், பொட், மில்னர் இருவரும் காட்டினார்கள். அதைவிட வலுவான ‘ஹொப் மாறிலி ஒன்று’ (Hopf invariant one, ஒரு கோளத்தை இன்னொன்றின் மேல் சுற்றும் விதம் பற்றியது) என்ற கேள்வியை அடம்ஸ் 1960 இல் முடித்தார். கட்டுரை 80 பக்கத்துக்கு மேல்!

1966 இல் அதையே மைக்கேல் அட்டியா என்ற கணிதவியலாளரோடு சேர்ந்து எட்டுப் பக்கத்தில் முடித்தார். எனக்கு இதுதான் பிடிக்கும். தான் கஷ்டப்பட்டு எழுதியதைத் தானே சின்னதாக்கிக் காட்ட எல்லாருக்கும் மனம் வராது. அந்த நிறுவல் கே-தியரியில் (ஒரு வடிவத்தின் புள்ளிகளில் ஒட்டிய காவி வெளிகளைக் கொண்டு அதை ஆராயும் முறை) தொடங்கி, கடைசியில் உயர்தரப் பிள்ளை செய்யும் கணக்கில் வந்து நிற்கும்: 2 இன் ஓர் அடுக்கு, 3 இன் அதே அடுக்கில் ஒன்று குறைத்ததை மீதியின்றி வகுக்குமா? அடுக்கு 4 என்றால் 16, 80 ஐ வகுக்கும். 3 என்றால் 8, 26 ஐ வகுக்காது. 1, 2, 4 மட்டும்தான் தப்பும். அடுக்கு என்பது இங்கே பரிமாணத்தின் பாதி, இரட்டித்தால் 2, 4, 8 பரிமாணம்.

ஆகவே முதலில் குரூப் தியரியை வடிவாகப் படி. பிறகு அலன் ஹட்சரின் ‘Algebraic Topology’ புத்தகம். அவருடைய இணையப் பக்கத்தில் காசில்லாமல் இறக்கலாம்.

கிளிநொச்சி சேர்:
ஹட்சரைத் தள்ளிப்போட வேண்டாம் பிள்ளை. முதல் அத்தியாயத்தைப் படம் பார்த்தே தொடங்கலாம், அட்சரகணிதம் தேவைப்படும்போது தானாக வரும். நியமனம் கிடைத்தால் எடுங்கள். படிப்பித்துக்கொண்டே வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கலாம், வீட்டிலும் சண்டை இல்லை.

மல்லாவிக்காரி:
நன்றி சேர், அண்ணா. அடுக்கு 8 க்கும் போட்டுப் பார்த்தேன். 256, 6560 ஐ வகுக்கவில்லை. எல்லா அடுக்குக்கும் எப்படிக் காட்டுவது?

வட்டக்கச்சி அண்ணன்:
ஒன்று குறைத்த எண்ணில் எத்தனை 2 காரணியாக இருக்கிறது என்று எண்ணு. ஒற்றை அடுக்கென்றால் ஒரே ஒரு 2 தான். இரட்டை அடுக்கை நீயே செய்.