ஊதா ஸ்ப்ரௌட்டிங் புரொக்கோலி: ஏப்ரல் கடைசியில் பூ விரியுது, இனி வெட்டலாமா, பிடுங்கிறதா?

வடலி:
வணக்கம். லண்டன் அலாட்மென்டில (வாடகைக்கு எடுத்த தோட்டத் துண்டில) ஆறு செடி நிக்குது. ஒரே பெரிய பூவா இல்லாமல், மொக்கோட நிறைய மெல்லிய தண்டு விடுற புரொக்கோலி வகை இது. போன மே மாசம் விதைச்சு யூலையில நட்டது. மார்ச்சில நல்ல தண்டு வந்தது. இப்ப வாறது பென்சில் மொத்தம்கூட இல்லை. கொஞ்சம் பாக்காமல் விட்டா மஞ்சள் பூ விரிஞ்சிடுது, அவிச்சா அடித்தண்டு முழுக்க நார். இலைக்குக் கீழ சாம்பல் பூசின மாதிரிப் பூச்சியும் தொடங்கீட்டுது. இன்னும் சாப்பிடலாமா? பிடுங்கினா அந்த இடத்தில என்ன போடலாம்?

மண்வெட்டி:
இன்னும் இரண்டு மூன்று கிழமைக்குத் தரும். ஆனால் வெட்டுற விதத்தை மாத்த வேணும்.

மஞ்சள் பூவைக் கண்டு பயப்பட வேண்டாம், அது தின்னக்கூடியது, லேசாகக் கடுகுக் காரம் இருக்கும். பிரச்சினை தண்டில. பூக்கிறதுக்காகத் தண்டு நீளும்போது அடியிலயிருந்து மேல்நோக்கி மரமாகிக்கொண்டு வரும். அப்பிடி முற்றின பகுதி எவ்வளவு நேரம் அவிச்சாலும் இளகாது. அதுக்குள்ள நுனி குழைஞ்சு போயிடும். ஆகவே பூவைப் பார்த்து முடிவெடுக்காமல் தண்டை வளைச்சுப் பாருங்கோ. எந்த இடத்தில ‘டக்’ எண்டு முறியுதோ அதுக்கு மேலதான் கறிக்கு. அதுக்குக் கீழ வளையும், முறியாது. மார்ச்சில 15 செ.மீ. தேறின தண்டில இப்ப 8 செ.மீ. கிடைச்சாலே நல்லது.

செடியில வெட்டுற இடம் வேற. நுனியை மட்டும் கிள்ளி எடுத்தா மிச்சத் தண்டின்ர மேல் கணுக்களிலயிருந்து இன்னும் மெல்லிசாத்தான் கிளைக்கும். முழுத் தண்டையும் அதின்ர அடிக்குக் கிட்ட, ஒண்டு இரண்டு இலைக்கணு மட்டும் மிச்சம் விட்டு, கூரான கத்தியால வெட்டுங்கோ. முற்றின துண்டைப் பிறகு வீட்டில கழிக்கலாம்.

சமைக்க உதவாத தண்டையும் விடக்கூடாது. ஒரு கிளை காய் பிடிக்கத் தொடங்கினா செடி புதுத் தளிர் விடுறதைக் குறைச்சிடும். வெயில் நாளெண்டா இரண்டு நாளுக்கு ஒருக்கா, குளிரெண்டா நாலு நாளுக்கு ஒருக்கா எல்லாச் செடியையும் சுத்திப் பாருங்கோ. விடிய வெட்டி உடன ஈரத்துணியில சுத்தி ஃபிரிட்ஜில வைச்சா மூண்டு நாள் வாடாது.

மழை இல்லாத கிழமையில இரண்டு செடிக்கு ஒரு வாளி, பத்து லீற்றர் அளவு, தண்ணி ஊத்துங்கோ. காஞ்ச நிலத்தில தண்டு இன்னும் வேகமா நாராகும். பசளை இப்ப போட்டுப் பிரயோசனம் இல்லை, அது பெப்ரவரி கடைசியில போட வேண்டியது.

அடுப்படி:
சமையல் பக்கம் மட்டும் சொல்கிறேன். அந்தச் சாம்பல் பூச்சி முட்டைக்கோஸ் அசுவினி. மேலே மெழுகு பூசியிருப்பதால் குழாயில் காட்டினால் போகாது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு கரைத்து, பூ கீழே இருக்கும்படி பத்து நிமிடம் அமுக்கி வைத்து, நன்றாக உதறி, வேறு தண்ணீரில் இருமுறை அலசுங்கள். மொக்குக்குள் அடை அடையாக இருந்தால் கழுவிப் பயனில்லை, எறிந்துவிடுங்கள்.

கடைசிப் பருவத் தண்டைத் தண்ணீரில் வேகவைப்பது வீண். ஊதா நிறம் தண்ணீரில் கரைந்துவிடும், காய் சொதசொதவென்று ஆகும். ஆவியில் மூன்று நிமிடம் போதும். அதைவிட வறை, அதாவது தேங்காய்ப் பொரியல், நன்றாக வரும்.

கால் கிலோவுக்கு: தண்டை அரை செ.மீ. வட்டமாக நறுக்கி, பூ, மொக்கு, இளம் இலையைத் தனியே வையுங்கள். சற்றுப் பருத்த தண்டென்றால் தோலை அடியிலிருந்து சீவிவிட்டால் உள்ளே மென்மையாக இருக்கும். எண்ணெயில் கடுகு, ஆறு சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, முதலில் தண்டை மட்டும் போட்டு மூன்று நிமிடம். பிறகு பூவும் இலையும், கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், இரண்டு நிமிடம். தண்ணீர் தெளிக்காதீர்கள், மூடவும் வேண்டாம். மூடினால் முட்டைக்கோஸ் வாடை உள்ளேயே தங்கும். உப்பை முன்னாலேயே போட்டால் நீர் விட்டுக்கொள்ளும். அதனால் மூன்று மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலோடு கடைசியில்தான் உப்பு. எலுமிச்சை பிழிவதென்றால் அடுப்பை அணைத்து, பரிமாறும்போது. சூட்டில் புளிப்புப் பட்டால் பச்சை மங்கிப் பழுப்பாகிவிடும்.

பூக்கத் தொடங்கிய பின் கசப்பு கொஞ்சம் கூடத்தான் செய்யும். தேங்காய் அதை அடக்கும். முழுதும் விரிந்த பூவைச் சமைக்காமல் சாலட்டில் தூவலாம்.

தேம்ஸ்கரை:
மண்வெட்டி சொன்ன மூண்டு கிழமை உங்கட புது நாற்று எங்க நிக்குது எண்டதைப் பொறுத்தது. இந்த வருசக் கோவா (முட்டைக்கோஸ்), கேல் கீரை, புரொக்கோலி நாற்று பக்கத்தில இருந்தா நான் இண்டைக்கே பிடுங்கச் சொல்லுவன். குளிர்காலம் முழுக்க இந்தச் செடியில தங்கின அசுவினி மே மாசம் செட்டை முளைச்சு, வெள்ளை ஈயோட சேர்ந்து நேரே அதுக்குத்தான் போகும். நாற்று தூரத்தில எண்டால் பூச்சி மொய்ச்ச நுனிகளை வெட்டிக் கட்டி எறிஞ்சுபோட்டு, மே நடுப்பகுதி வரை வையுங்கோ. தேனீக்கெண்டு ஒரு செடியைப் பூக்க விடுறது நல்ல விசயம்தான், ஆனா பூச்சி இல்லாத செடியா இருக்க வேணும்.

பிடுங்கேக்க வேரைப் பாருங்கோ. கட்டி கட்டியா வீங்கியிருந்தா அது கிளப்ரூட் எண்ட வேர் நோய். அந்த வேர் கொம்போஸ்டுக்குள்ள போகவே கூடாது, அந்தக் கிருமி மண்ணில பல வருசம் கிடக்கும். வேர் சுத்தமெண்டால் நடுத்தண்டைக் கோடாலிப் பின்பக்கத்தால நசுக்கிப் போடுங்கோ, முழுசாப் போட்டா அடுத்த வருசமும் அப்பிடியே கிடக்கும்.

அந்தப் பாத்தியில முள்ளங்கி, நோல்கோல், ரொக்கெட் கீரை எதுவும் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். நல்லா மக்கின எரு ஒரு வாளி சதுர மீற்றருக்குப் போட்டு, உறைபனிப் பயம் போன பிறகு, மே கடைசியில, கோர்ஜெட் (சுக்கினி) அல்லது ரன்னர் பீன்ஸ். விதை எடுக்க நினைக்காதீங்கோ: பக்கத்துப் பாத்திக் கேலோட மகரந்தம் கலந்தா என்ன முளைக்குமெண்டு சொல்லேலாது.

வடலி:
நன்றி. நாற்று பக்கத்திலதான் நிக்குது, அப்ப மூண்டைப் பிடுங்கிறன். ஒரேயடியா வெட்டினதை ஃபிரீசரில போடலாமா?

அடுப்படி:
இறுக்கமான மொக்குள்ளதை மட்டும். கொதிநீரில் இரண்டு நிமிடம், உடனே ஐஸ் தண்ணீரில் இரண்டு நிமிடம், துணியில் ஈரம் ஒற்றி, தட்டில் பரப்பி உறைந்த பிறகு பையில் போடுங்கள். விரிந்த பூ உறைந்து இளகும்போது கொழகொழத்துவிடும்.

தேம்ஸ்கரை:
ஆறில மூண்டு காணாது வடலி, ஆறையும் எடுங்கோ. அடுத்த முறை இதிலேயே முந்தி வாற றூடோல்ஃப் வகை மூண்டு, பிந்தி வாற கிளாரெட் வகை மூண்டு எண்டு போட்டா முந்தினதும் பிந்தினதுமா வரும். விதைக்கிற நேரம் இப்பதான். நடேக்க 60 செ.மீ. இடைவெளி விட்டு, காலால மிதிச்சு இறுக்குங்கோ. இளக்கமா நட்டா மாரிக் காத்தில ஆடிச் சரிஞ்சிடும்.