புதுப்பிப்பு: எட்டாம் வகுப்புக் கணக்குத் தாளில் 440 என்ற விடை

ஆரம் 21 செ.மீ, மையக்கோணம் 120° கொண்ட வட்டக்கோணப்பகுதியின் பரப்பளவைக் கேட்ட 5 மதிப்பெண் வினாவைப் பற்றிச் சென்ற வாரம் இங்கே எழுதியிருந்தேன். ஒரு மாணவி சூத்திரத்தையும் பிரதியிடலையும் சரியாக எழுதிவிட்டு, 21 × 21 என்பதை 420 எனப் பெருக்கியதால், 462க்குப் பதிலாக 440 ச.செ.மீ என்று முடித்திருந்தாள்; நான் 2 மதிப்பெண்தான் போட்டிருந்தேன்.

பலரும் சொன்னபடி, ஒரு பிழைக்கு ஒருமுறை மட்டுமே குறைப்பது என்று முடிவு செய்து அதை 4 ஆக்கிவிட்டேன். அவளுடைய 420ஐ வைத்து நானே போட்டுப் பார்த்தேன்: 22/7 ஆல் பெருக்கினால் 1320, அதில் மூன்றில் ஒரு பங்கு 440. அந்த ஓரிடம் தவிர வேறு குறையே இல்லை.

ஒருத்திக்குச் செய்ததை எல்லோருக்கும் செய்ய வேண்டுமே என்று கட்டு முழுவதையும் மீண்டும் பிரித்ததில், மேலும் மூவருக்கு மதிப்பெண் கூடியது. வில்லின் நீளத்துக்கான சூத்திரத்தைப் போட்டு 44 என்று எழுதியவர்களுக்குக் கூட்டவில்லை; அது பெருக்கல் பிழை அன்று.

உண்மையில் தலைவலி கொடுத்தது வேறொரு தாள். வழிமுறை ஏதுமின்றி '462 செ.மீ' என்று மட்டும் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, ஓரத்தில் 441 ÷ 3 = 147 என்று பென்சிலால் எழுதி அழித்த தடம் தெரிந்தது. அலகுக்கு 1, எழுதாத சூத்திரத்துக்கு 1 குறைத்து, 3 கொடுத்திருக்கிறேன்.