நைஸ் மணல்ல கிரிப்ட், வாலிஸ்: அடியில கறுப்புத் திட்டு, மாத்தணுமா?

கோரிக்கூட்டம்:
வணக்கம். செடி வெச்ச மீன் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 15 இன்ச் உயரம். அடியில மணலைக் கிளறி மேயுற கோரிடோரஸ் (கோரி) மீன் இருக்கிறதால கூழாங்கல் வேண்டாம்னு, பூச்சு வேலைக்குச் சலிச்ச ஆத்து மணல் போட்டிருக்கு. தூள் உப்பு மாதிரி நைஸ், உயரம் 8 செ.மீ. செடிகள் கிரிப்டோகோரைன் வென்ட்டி (கிரிப்ட்), வாலிஸ்னேரியா (வாலிஸ்), ஒரு அமேசான் ஸ்வோர்ட். செடிக்குத் தனியா கார்பன் டை ஆக்சைடு விடுறது கிடையாது. போர் தண்ணி, பிஎச் 7.8. மணலுக்குள்ள கறுப்புத் திட்டு தெரியுது, குச்சியால குத்தினா குமிழி கிளம்புது. ஸ்வோர்ட்ல புது இலை மட்டும் வெளிறி வருது, நரம்பு பச்சையாவே இருக்கு. மணலை மொத்தமா மாத்தணுமா? அடியில மண் போட்டா சரியாகுமா?

அடிமணல்:
நைஸ் மணல் போட்டது தப்பில்லைங்க. இவ்வளவு பொடியான மணலை 8 செ.மீ. போட்டதுதான் சிக்கல். பூச்சு மணல்ல 0.3 மி.மீ.க்குக் கீழ உள்ள துகளும் வண்டலும் நிறைய இருக்கும். இடுக்கெல்லாம் அடைஞ்சு தண்ணி உள்ளே இறங்காது, மேலே ஓரிரு செ.மீ. தாண்டினாலே ஆக்சிஜன் தீர்ந்துடும். அதுக்குக் கீழ உள்ள பாக்டீரியா முதல்ல நைட்ரேட்டை எடுக்கும், அப்புறம் இரும்பு, கடைசியா சல்ஃபேட். சல்ஃபேட்ல இருந்து வர்ற சல்ஃபைடு இரும்போட சேர்ந்ததுதான் நீங்க பார்க்கிற கறுப்பு.

அதனால கறுப்பைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க, முகர்ந்து பாருங்க. ஏர் டியூப்பால அந்தக் கறுப்பு மணலைக் கொஞ்சம் உறிஞ்சி ஒரு டம்ளர்ல விடுங்க. சேத்து வாசனைன்னா கவலையே வேண்டாம். அழுகின முட்டை நாத்தம்னா ஹைட்ரஜன் சல்ஃபைடு சேருது. அங்க இருக்கிற செடியோட வேரைத் தொட்டா கறுத்து மெத்துனு இருக்கும். நல்ல வேர் வெள்ளையா இருக்கும், இல்லன்னா லேசா துருப்பிடிச்ச நிறம். அந்தத் துரு நிறம் நல்ல அறிகுறி, வேர் கசியவிடுற ஆக்சிஜனால இரும்பு அங்க படியுதுன்னு அர்த்தம்.

திட்டு கண்ணாடியோரம் மட்டும் இருந்து கரும்பச்சையா தெரிஞ்சா, அது வெளிச்சம் பட்டு வளர்ற பாசி. மணல் மட்டம் வரைக்கும் வெளியே கறுப்பு டேப் ஒட்டினா போதும்.

நாத்தம் இருந்தா மாத்திடுங்க. வாட்டர் ஃபில்டர்ல போடுற சிலிக்கா மணல், 0.5 முதல் 1 மி.மீ. அளவு கேட்டு வாங்குங்க. முன்னாடி 3, பின்னாடி 6 செ.மீ. சரிவுக்கு உங்க தொட்டிக்கு 8 லிட்டர் மணல் வேணும், எடையில 12-13 கிலோ. கழுவும்போது கொஞ்சம் போகும், 15 கிலோவா வாங்கிடுங்க. எம்-சாண்ட் வேண்டாம், உடைச்ச ஜல்லித் தூளோட முனை கோரியோட மீசையைத் தேய்ச்சிடும். கடல் மணலும் வேண்டாம், கிளிஞ்சல் கரைஞ்சு ஏற்கெனவே கடினமான போர் தண்ணி இன்னும் கடினமாகும். எந்த மணலா இருந்தாலும் காயவெச்ச ஒரு பிடியில வினிகர் ஊத்துங்க, பொங்கினா அது தொட்டிக்கு ஆகாது.

பக்கெட்ல மூணுல ஒரு பங்கு மணல் போட்டு, ஓஸை அடிவரைக்கும் விட்டுக் கிளறிக் கிளறிக் கழுவுங்க. தண்ணி தெளிஞ்சு நிக்கணும். பழைய மணலை எடுக்கும்போது மீனை வேற டப்பாவுக்கு மாத்திடுங்க. மொத்தத்தையும் தொட்டிக்குள்ளயே கலக்கினா அடியில இருந்த கழிவு மேல வந்து ஆக்சிஜனை இழுத்துடும். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய் தண்ணியில அலசிடாதீங்க, பாக்டீரியா பூரா அதுலதான் மிஞ்சியிருக்கும்.

செம்மண்_உருண்டை:
மணல் பத்தி மேலே சொன்னது போதும். இலை வெளிர்றது வேற கணக்கு. புது இலை வெளிறி நரம்பு பச்சையா நின்னா இரும்புக் குறை. மணலுக்கு உரத்தைப் பிடிச்சு வைக்கிற சக்தி கிடையாது, அதுல நிக்கிற செடிக்கு நாமதான் ஊட்டணும். பிஎச் 7.8ல ஈடிடிஏங்கிற பிடிப்புப் பொருளோட சேர்ந்த இரும்பு உரத்தை தண்ணியில ஊத்தினா சீக்கிரம் பிரிஞ்சு வீணாயிடும், டிடிபிஏவோட சேர்ந்த இரும்பு கொஞ்சம் தாங்கும். வேர்ல வைக்கிறதுதான் மேல். ஆக்சிஜன் குறைஞ்ச இடத்துல இரும்பு கரைஞ்ச நிலையில இருக்கும், வேர் சுலபமா எடுத்துக்கும்.

உரம் கலக்காத செம்மண்ணும் குயவர் களிமண்ணும் சரிபாதி பிசைஞ்சு, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி நல்லா காயவைங்க. ஸ்வோர்ட் அடியில 3, கிரிப்டுக்கு ஒண்ணு, அடிக்கண்ணாடி தொடுற வரைக்கும் அழுத்துங்க. இதுல தழைச்சத்து இல்லை, அதுக்கு ரூட் டேப் (வேர் பக்கத்துல புதைக்கிற உர மாத்திரை) தனியா வேணும்: 12-15 செ.மீ.க்கு ஒண்ணு, 2-3 மாசத்துக்கு ஒரு தடவை. மெதுவா கரையுற உரக் குருணையை கேப்சூல்ல அடைச்சு வைக்கிறவங்க, அது மிதந்து வெளியே வந்திருக்கான்னு மறுநாள் பாருங்க. வெளியே கிடந்தா அமோனியா ஏறிடும்.

அடியில மண் போட்டு மேல மணல் மூடுறதை நான் சொல்ல மாட்டேன். 2 அடித் தொட்டியில ஸ்வோர்ட் பெருசாகும், ஒருநாள் பிடுங்கித்தான் ஆகணும். அந்த வேர்ப்பந்தோட மண்ணும் சேர்ந்து வந்து தண்ணி குழம்பிடும்.

கோரிக்கூட்டம்:
முகர்ந்து பார்த்தாச்சு, முட்டை நாத்தம்தான். மாத்திடலாம். திரும்ப நடும்போது கிரிப்ட் மிதந்து வராம எப்படி நடுறது? ஃபில்டர்ல கரகரன்னு சத்தமும் வருது.

அடிமணல்:
கிரிப்ட் வேரை 4-5 செ.மீ. விட்டு நறுக்குங்க. ட்வீசரால வேர் நுனியைப் பிடிச்சு, சாய்வா, குருத்து முழுசா புதையுற அளவுக்கு உள்ளே விடுங்க. ட்வீசரைத் தளர்த்தி அதே சாய்வுல வெளியே எடுத்துட்டு, செடியை மெதுவா மேலே இழுங்க, குருத்தும் வேரும் சேர்ற இடம் மணல் மட்டத்துக்கு மேல வந்து நிக்கணும். வேர் இப்படிக் கீழ்நோக்கி விரிஞ்சா மிதக்காது. வாலிஸுக்கும் இதே முறை, குருத்து புதைஞ்சா அழுகிடும். வென்ட்டி இலை ரெண்டு வாரத்துல கரைஞ்சு போகலாம், பிடுங்கிடாதீங்க, வேர்ல இருந்து திரும்பத் துளிர்க்கும். தண்ணி நிரப்பும்போது மணல் மேல ஒரு தட்டு வெச்சு அதுமேல ஊத்துங்க.

சத்தம், ஃபில்டர் மோட்டார்ல சுத்துற இம்பெல்லருக்குள்ள மணல் போனதால. பிளக்கைப் பிடுங்கிட்டு இம்பெல்லரை எடுத்து, அந்தக் குழியையும் தண்டையும் காட்டன் பட்ஸால துடைங்க. தண்டுல பள்ளம் விழுந்திருந்தா மாத்தித்தான் ஆகணும். உறிஞ்சுற குழாயை மணலுக்கு 8 செ.மீ. மேலே தூக்கி, வாயில ஸ்பாஞ்ச் மாட்டிடுங்க. அழுக்கை ஓஸ் வெச்சு உறிஞ்சி சைஃபன் பண்ணும்போதும் குழாயை மணல்ல குத்தாம 2 செ.மீ. மேலே பிடிங்க. மணல் ஏறினா ஓஸை ஒரு நொடி மடக்குங்க, மணல் கீழே விழுந்துடும், அழுக்கு மட்டும் போகும்.