'உளவியற் பாதுகாப்பு' பொருந்துமா?

மடல் 1

மதிப்பிற்குரிய குழுமத்தாருக்கு வணக்கம். திருகோணமலையில் மேற்பார்வையாளர்களுக்கான பயிற்சிக் கைந்நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். ஐயம் கேட்டாலும், பிழையை ஒப்புக்கொண்டாலும், மேலாளரை மறுத்துப் பேசினாலும் இங்கே தலைகுனிய நேராது என்று ஒரு குழுவினர் அனைவரும் கொண்டிருக்கும் நம்பிக்கையை, ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் ஏமி எட்மண்ட்சன் 1999இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். ஆங்கிலத்தில் அவர் 'psychological safety' என்றதற்கு 'உளவியற் பாதுகாப்பு' என்று எழுதினேன். வகுப்பில் அதைக் கரும்பலகையில் எழுதியதும், "காவலாளி போடுவதா, சேர்?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார். கடற்படைத் தளத்தையும் சோதனைச் சாவடிகளையும் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் 'பாதுகாப்பு' என்றதும் சீருடைதான் நினைவுக்கு வருகிறது. வேறு சொல் உண்டா?

மடல் 2

ஐயா, முதற்சொல்லிலும் இடர் உண்டு. உளம் + இயல் என நாம் கொள்வதை உளவு + இயல் என்றும் பிரிக்கலாம்; 'முற்றும் அற்று ஒரோவழி' (உயிர் வரும்போது முற்றியலுகரமும் சில இடங்களில் கெடும்) என்று நன்னூலே இடம் தருகிறது. வேவு பார்ப்பதை நினைவூட்டும் சொல்லை இதற்கு வைப்பது முறையன்று. காவலுக்கு 'ஏமம்' என்ற பழஞ்சொல் இருக்கிறது. 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்' (குறள் 448) என்ற இடத்தில், தவற்றை இடித்துரைக்க ஆளில்லாதவனையே வள்ளுவர் காவலற்றவன் என்கிறார். நமக்கு வேண்டிய பொருள் முழுவதும் அதில் இருப்பதால் 'குழுவேமம்' என்று வைக்கலாம்.

மடல் 3

ஐயா, 'ஏமம்' என்றால் என் மாணவிகளின் காதில் ஏமாற்றம்தான் விழும். நான் தாதியாக இருந்த மருத்துவமனை விடுதியொன்றில், மருந்து அட்டையில் 1.0 என்றிருந்ததை 10 என வாசித்துவிட்ட இளம் தாதி ஒருத்தி, ஊசி ஏற்றுமுன் தானே கண்டு சொன்னாள். பொறுப்பாளர் நோயாளிகளின் முன்னிலையிலேயே அவளை ஏசினார். பிறகு பல மாதங்கள் பிழைப் பதிவேட்டில் ஒரு வரியும் ஏறவில்லை. மேலிடம் அதை முன்னேற்றமாக எடுத்துக்கொண்டது. நன்கு வழிநடத்தப்பட்ட விடுதிகளில் மருந்துப் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்ததை எட்மண்ட்சனே 1996இல் எழுதியிருக்கிறார். அங்கே மறைக்க வேண்டியிருக்கவில்லை என்பதே அவர் கண்ட விளக்கம். முதலில் நன்றி சொல்வதும், "யார் செய்தது?" என்பதை விட்டு "எப்படி நேர்ந்தது?" என்று கேட்பதும், தன் பிழையைத் தானே முந்திச் சொல்வதும் பொறுப்பாளரின் வேலை. ஆதலால் 'அஞ்சாது சொல்லும் சூழல்' என்றே எழுதுங்கள். 'துணிவு' என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். அது சுமையைத் திரும்பவும் அந்தப் பெண்ணின் தலையில் ஏற்றிவிடும்.

மடல் 4

அம்மா, உங்கள் தொடர் வகுப்பில் உடனே விளங்கியது; ஆனால் அட்டவணைத் தலைப்புகளில் அடங்கவில்லை. பெரும்பாலோர் தனிமடலில் சொன்னபடி, தலைப்பில் 'உளவியற் பாதுகாப்பு' என்று இருக்க, முதல் பக்கத்தில் உங்கள் தொடர் விளக்கமாக வருகிறது.

மடல் 5

அச்சுக்குப் போகட்டும், ஐயா. இரண்டாம் பதிப்புக்கு என் 'குழுவேமம்' காத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.