உயரழுத்த மின்மார்க்கம் எங்கள் காணியால் போகிறது: எந்தக் கட்டத்தில், யாரிடம் பேசுவது?

கேள்வி: மல்லாவி வாசகி

மல்லாவிப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு மூன்று ஏக்கர் மேட்டுக்காணி உண்டு. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அப்பாவின் பெயருக்கு வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி அது. அப்பா 2023இல் காலமாகிவிட்டார். அம்மா அங்கேயே வசிக்கிறார். மூலப் பத்திரம் 2008 இடப்பெயர்வில் தொலைந்துபோனது. அண்மையில் அளவையாளர்கள் வந்து, தென்னைகள் நிற்கும் மேற்குக் கரையில் சிவப்பு வர்ணக் கட்டைகளை அடித்துவிட்டு, 220 கிலோவோல்ற் மின்மார்க்கம் ஒன்று இவ்வழியால் செல்லவிருப்பதாகச் சொன்னார்கள். சம்மதக் கடிதம் ஒன்றையும் கொடுத்திருக்கிறார்கள். அது சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருப்பதால் அம்மா இன்னும் கையொப்பமிடவில்லை.

ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அரசாங்க வேலை, மறுத்தால் பொலிஸ் வரும் என்கிறார் ஒருவர். கையொப்பம் இல்லாமல் ஒரு கம்பியும் இழுக்க முடியாது என்கிறார் மற்றவர். இப்படியான மார்க்கம் தேவை என்று முடிவெடுப்பவர் யார், பாதையை மாற்றும்படி கேட்க எங்களுக்கு இடமுண்டா, உண்டென்றால் எந்தக் கட்டத்தில் கேட்பது என்பதை விடயம் அறிந்தவர்கள் விளக்குவீர்களா? கம்பிக்குக் கிட்ட வசிப்பது உடலுக்குக் கேடா என்பதும் அம்மாவின் கவலை.

பதில் 1: ஓய்வுபெற்ற மின் அத்தியட்சகர், வவுனியா

தங்கச்சி, முதலில் மார்க்கம் என்ன கேட்கும் என்பதைச் சொல்கிறேன். 220 கிலோவோல்ற் மார்க்கத்துக்குச் சுமார் 35 மீற்றர் அகலமான ஒழுங்கை, அதாவது கம்பிகளுக்காக ஒதுக்கப்படும் நிலப்பட்டை, தேவைப்படும். 132 கிலோவோல்ற் என்றால் 27 மீற்றர் அளவு. கோபுரங்கள் ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒன்றாக வரும். கோபுரத்தின் காலடியில் உள்ள நிலம் மட்டுமே முழுமையாகப் போகும். ஒழுங்கையின் மற்றைய பகுதியில் நெல், நிலக்கடலை, உழுந்து, மரக்கறி எல்லாம் தொடர்ந்து செய்யலாம், ஆனால் வீடு கட்டவும் உயர்ந்த மரம் வளர்க்கவும் விடமாட்டார்கள். ஆகவே உங்கள் தென்னைகள் ஒழுங்கைக்குள் விழுந்தால் அவற்றைத் தறிப்பார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கம்பி நேராக ஓடுவதையே பொறியியலாளர் விரும்புவார், ஏனெனில் திரும்பும் இடத்தில் வரும் கோணக் கோபுரம் பாரமானது, செலவும் கூடியது. ஒரு தனிக் காணிக்காகப் பாதையை வளைப்பது அரிது. இரண்டு கோணக் கோபுரங்களுக்கு இடையில் உள்ள முழு நேர்கோட்டையும் சற்று நகர்த்துவதும், நேர்கோட்டின் மீதே கோபுரம் நிற்கும் இடத்தை முன்னே பின்னே தள்ளி வயல் வரப்பிலோ எல்லையிலோ வைப்பதும் கட்டை அடித்த பிறகும் நடக்கக்கூடியவை. ஆகவே ஒரு வீட்டுக்காரர் தனியாகக் கேட்பதைவிட, ஒரே நேர்கோட்டில் வரும் காணிக்காரர் எல்லாரும் சேர்ந்து ஒரு வரைபடத்துடன் கேட்பது பலன் தரும்.

உடல்நலம் பற்றி: 50 ஹேர்ட்ஸ் காந்தப்புலத்துக்குப் பொதுமக்கள் தொடர்பில் சர்வதேச வழிகாட்டல் 2010இல் வைத்த எல்லை 200 மைக்ரோடெஸ்லா. இத்தகைய கம்பியின் நேர் கீழே வழக்கமாக அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும், விலக விலக விரைவாகக் குறையும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002இல் இப்புலத்தை ‘புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்’ என்ற பிரிவில் சேர்த்ததும் உண்மை. சிறுவர் இரத்தப் புற்றுநோய் பற்றிய மட்டுப்படுத்தப்பட்ட சான்றின் பேரில் செய்யப்பட்ட வகைப்படுத்தல் அது. ஒழுங்கைக்கு வெளியே உள்ள வீட்டில் அம்மா வசிப்பதற்குப் பயப்படக் காரணம் இல்லை என்பது என் கருத்து.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். போரில் தேசிய மின்கட்டமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்ட வடக்கு, வவுனியா–கிளிநொச்சி மார்க்கம் ஜப்பானியக் கடனிலும் கிளிநொச்சி–சுன்னாகம் மார்க்கம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியிலும் கட்டப்பட்ட பின்னர்தான் மீண்டும் இணைந்தது. அவையும் யாரோ ஒருவரின் காணியால்தான் போயின.

பதில் 2: சட்டத்தரணி, வவுனியா

மேலே ஐயா சொன்னவற்றுடன் எனக்கு முரண்பாடில்லை. ஆனால் கேள்வியின் மையம் காலம் பற்றியது. நம் நாட்டு முறையில் தேவை, சுற்றாடல், காணி ஆகிய மூன்றும் மூன்று வேறு இடங்களில், ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்மானிக்கப்படுகின்றன. கிராமத்தவருக்கு விடயம் தெரியவருவது பெரும்பாலும் மூன்றாவது கட்டத்தில்தான்.

தேவை என்பது நீண்டகால மின்கடத்தல் திட்டங்களில், பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் ஒழுங்குபடுத்தலின் கீழ், கொழும்பில் முடிவாகிறது. உங்கள் காணியில் நின்று அதை மாற்ற முடியாது. ஆயினும் கேட்கத் தகுந்த கேள்வி உண்டு: எந்த மின் உற்பத்திக்காக இந்த மார்க்கம்? மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் காற்றாலை அமைக்கவிருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அவ்வாறான ஒரு திட்டத்தை நம்பி வரையப்பட்ட மார்க்கமாயின், அதன் தேவை இன்னும் அப்படியே இருக்கிறதா என்று எழுத்தில் கேட்பது நியாயமானது.

அடுத்தது சுற்றாடல் அனுமதி. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வெளியான 1993 யூன் 24ஆம் திகதிய 772/22ஆம் இலக்க வர்த்தமானி, 10 கிலோமீற்றருக்கு மேல் நீளமும் 50 கிலோவோல்ற்றுக்கு மேல் அழுத்தமும் கொண்ட மேல்நிலை மின்மார்க்கங்களை முன் அனுமதி தேவைப்படும் கருத்திட்டங்களாகக் குறித்துள்ளது. ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதும் அதே பட்டியலில் வரும். பாதை தேசிய ஒதுக்கம் ஒன்றின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் வந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் தேவை. மடுவீதி, சுண்டிக்குளம் போன்ற பூங்காக்கள் உள்ள வன்னியில் இது சிறிய விடயமன்று. முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு கோரப்பட்டால் மும்மொழியிலும் அறிவித்தல் வெளியாகி, பொதுமக்கள் கருத்துத் தெரிவிக்க 30 நாள் வழங்கப்படும். ஆனால் மின்மார்க்கங்களுக்குப் பெரும்பாலும் கோரப்படுவது அதனிலும் சுருக்கமான ஆரம்ப சுற்றாடல் பரிசோதனையே. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னர் அதற்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பது கட்டாயமில்லை. அறிக்கை பகிரங்க ஆவணம், போய்ப் பார்வையிடலாம், அவ்வளவுதான். எங்கள் சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை இதுவென்றே கருதுகிறேன்.

காணிக் கட்டத்தில், 2009ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மின்சாரச் சட்டம் வகுத்த முறை இது: உரிமையாளருக்கோ அனுபவிப்பவருக்கோ அறிவித்தல் கொடுத்து வழிவிடு உரிமை, அதாவது காணியால் கம்பி கொண்டுபோகும் உரிமை, கோருவார்கள், சம்மதம் கிடைக்காவிடில் பிரதேச செயலாளர் விசாரணை நடத்துவார். ஆகவே கையொப்பமிடாததற்காகப் பொலிஸ் வரும் என்பதும் பிழை, கையொப்பமிடாவிட்டால் மார்க்கம் நின்றுவிடும் என்பதும் பிழை. அந்த விசாரணையில் நிபந்தனைகளையும் நட்டஈட்டையும் பேசலாம், பாதையைப் பேசுவதற்கு அது மிகவும் பிந்திய இடம். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமும் அதன் 2025 திருத்தமும் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க ஏற்பாடு செய்திருப்பதால், உங்கள் கடிதத்தை அனுப்பியவர் யார், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவைக் காட்டுகிறார் என்பதைக் கவனமாகப் பாருங்கள். தமிழில் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அது உங்கள் உரிமை, சலுகையன்று.

இப்போதே செய்ய வேண்டியது தகவல் கேட்பதுதான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், பாதை வரைபடத்தையும் சுற்றாடல் அறிக்கையையும் பரிசீலித்துக் கைவிட்ட மாற்றுப் பாதைகளையும் கேட்டு, திட்டத்தை நடத்தும் நிறுவனத்துக்கும் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் தனித்தனியே விண்ணப்பியுங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவை அறிவிக்க வேண்டும். கிடைத்ததும், அங்கீகரிக்கப்பட்ட பாதையும் உங்கள் காணியில் உள்ள கட்டைகளும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். தெற்கு அதிவேகப் பாதை வழக்கொன்றில், அனுமதி பெற்ற தடத்திலிருந்து விலகிப் புதிதாகக் காணி எடுத்தபோது அக்காணிக்காரர்களைக் கேட்காமல் விட்டது தவறென்று உயர் நீதிமன்றம் 2004 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பாதை நிற்கவில்லை, நட்டஈடு கிடைத்தது. அனுமதிக்குப் பிறகு பாதை மாறியிருந்தால் உங்கள் கையில் உள்ள வலுவான வாதம் அதுவே.

பதில் 3: ஒட்டுசுட்டானிலிருந்து அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்குப் போனவர்

ஒப்பீட்டுக்காகச் சில வரிகள். இங்கே பெரிய மார்க்கங்களுக்குத் தேவைச் சான்றிதழும் பாதை அனுமதியும் வெவ்வேறாகத் தேவை. இரண்டையும் மாநிலப் பொதுப் பயன்பாட்டு ஆணைக்குழுவே வழங்குகிறது, ஆய்வின் தொடக்கத்தில் ஊரவர் தாங்களே மாற்றுப் பாதையை முன்மொழியலாம். 1970களில் விவசாயிகள் கடுமையாக எதிர்த்துக் கோபுரங்களைக்கூடச் சாய்த்த காலத்தில் வந்த ஒரு சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது: 200 கிலோவோல்ற் அல்லது அதற்கு மேற்பட்ட மார்க்கம் பண்ணையால் போனால், ஒழுங்கைக்கு மட்டும் பணம் வாங்காமல் முழுப் பண்ணையையும் வாங்கும்படி உரிமையாளர் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தலாம். இங்கும் மார்க்கங்கள் வராமல் விடுவதில்லை. ஆனால் கட்டை அடிப்பதற்கு முன்னரே ஊர் பேசிவிடுகிறது.

மல்லாவி வாசகி

அனைவருக்கும் நன்றி. வரிசையில் உள்ள மற்றைய குடும்பங்களுடன் பேசத் தொடங்கியிருக்கிறோம். பத்திரம் தொலைந்திருப்பதால் அம்மாவை ‘அனுபவிப்பவர்’ என்று ஏற்பார்களா?

பதில் 2 தொடர்ச்சி: சட்டத்தரணி, வவுனியா

ஏற்க வேண்டும். பத்திரம் தொலைந்தாலும் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டில் பதிவு இருக்கும். காணி உத்தியோகத்தரிடம் சான்றுப்படுத்திய பிரதிக்கு விண்ணப்பியுங்கள். அனுமதிப்பத்திரக்காரர் இறந்தால் வாழ்க்கைத் துணைக்கு அக்காணியில் தொடரும் உரிமையைக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமே தருகிறது. அம்மாவின் பெயரில் அது பதியப்படும்வரை, கிராம அலுவலரின் வதிவிடச் சான்றும், தென்னைகளின் எண்ணிக்கையும் வயதும் குறித்த பட்டியலும், கட்டைகள் தெரியும் திகதியிட்ட படங்களும் கையில் இருக்கட்டும். திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கியின் பணம் வருகிறதா என்றும் கேளுங்கள். அதன் 2009 பாதுகாப்புக் கொள்கையின் கீழ் தொடங்கிய திட்டமாயின், அக்கொள்கை காணிக்கு உரித்து ஆவணம் இல்லாதவர்களுக்கும் மரம், பயிர், கட்டடம் ஆகியவற்றின் இழப்பை ஈடுசெய்யச் சொல்கிறது. சம்மதக் கடிதத்தைத் தமிழ்ப் பிரதி வந்த பிறகு இங்கே பதியுங்கள், பெயர்களை மறைத்துவிட்டு.