கோவையில் எச்.எம்.எஸ். கருடா?

கோவைக்காரன்: இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் கடற்படை கோவையில் நடத்திய விமானப் பழுதுபார்ப்புத் தளத்தின் பெயர் எச்.எம்.எஸ். கருடா. எச்.எம்.எஸ். என்றால் ‘மன்னரின் கப்பல்’. கடலே இல்லாத ஊரில் கப்பல் பெயர் எதற்கு?

கிழக்குக்கரை: சட்டச் சிக்கல்தான் தம்பி. மாலுமியின் பெயர் ஏதாவது ஒரு கப்பலின் பேரேட்டில் இருந்தால்தான் கடற்படைச் சட்டம் அவனைக் கட்டுப்படுத்தும். அதனால் கரைத்தளத்தையும் காகிதத்தில் கப்பலாக்கிவிட்டார்கள். விமானத்தளம் என்றால் பெரும்பாலும் பறவைப் பெயர். சூலூரில் வைரி, இலங்கையின் புத்தளத்தில் ராஜாளியா. புத்தளத்தில் கோர்செயர் விமானத்தை யானை கட்டி இழுக்கும் படம் ஒன்று உண்டு, தேடிப் பாருங்கள்!

ஸ்குவாட்ரன் (கடற்படை விமானப் பிரிவு) எண்களையும் கவனியுங்கள். 800 தொடர் போர்முனைக்கு, 700 தொடர் பயிற்சிக்கும் துணைப்பணிக்கும். ஆனால் 788-ஆம் ஸ்குவாட்ரனுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. திருகோணமலை சீனக்குடாவிலிருந்து கொழும்புப் பக்கம் டார்பிடோவோடு (கப்பலைத் தாக்கும் நீர்மூழ்கிக் குண்டு) வந்த 6 சோர்ட்ஃபிஷ் விமானங்கள். துணி போர்த்திய இரட்டை இறக்கை வண்டிகள். ஜப்பானிய ஜீரோ போர் விமானங்கள் ஆறையும் வீழ்த்தின.

கோவைக்காரன்: ஐயோ! சரி, கொச்சியில் இருக்கும் ஐ.என்.எஸ். கருடா?

கிழக்குக்கரை: அது இந்தியக் கடற்படையுடையது, 1953-இல் தொடங்கியது.