பிஎல்சி நிரலின் பதிப்புகளை உங்கள் ஆலையில் எப்படிப் பாதுகாக்கிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் மின்சாரப் பிரிவில் இருக்கிறேன். பழக்குலைகளை நீராவியில் வேகவைக்கும் ஸ்டெரிலைசர், எண்ணெய் பிழியும் பிரஸ் எல்லாம் சீமென்ஸ் பிஎல்சியில் (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) ஓடுகின்றன.

அண்மையில் ஸ்டெரிலைசரின் பிஎல்சி பழுதாகி, மாற்ற வேண்டியதாயிற்று. பேனல் கதவின் உட்புறம் டேப் போட்டு ஒட்டியிருந்த பென்டிரைவைத் திறந்தால் ‘இறுதி’, ‘இறுதி புதியது’, ‘இதுதான் சரி’ என்று வரிசையாகக் கோப்புகள்! யார், எதற்காக மாற்றினார் என்று ஒரு வரி இல்லை. குத்தகையாளர் ஏற்றியது பழைய பதிப்பு. நீராவியை மூன்று முறை ஏற்றி இறக்கும் நேரங்கள் மாறிப்போய், பழங்கள் சரியாக வேகாமல் குலையிலேயே ஒட்டிக்கொண்டு வந்தன. வாசலில் லாரிக்காரர்கள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

கோப்புகளின் பதிப்புகளைக் கண்காணிக்கும் கிட் மென்பொருளே போதும் என்கிறான் மென்பொருள் துறையில் இருக்கும் தம்பி. ஆனால் சீமென்ஸ் பிஎல்சி நிரலை எழுதும் டிஐஏ போர்ட்டல் மென்பொருளின் புராஜெக்ட் பைனரி வடிவம். வித்தியாசத்தை கிட் வரி வரியாகக் காட்டாது. நிரல் பிளாக்குகளை எக்ஸ்எம்எல் உரைக் கோப்பாக ஏற்றுமதி செய்யலாம்தான். நிரலை ஏணி போல் வரைந்து காட்டும் லேடர் வரைபடத்தை அந்த வடிவில் படிக்கத் தனிப் பொறுமை வேண்டும். ஆபரேட்டர் திரையில் மாற்றும் மதிப்புகள் அதைவிடத் தலைவலி: அவை பிஎல்சிக்குள்ளேயே கிடக்கும், மூலக் கோப்பில் தானாக ஏறாது.

பிஎல்சி நிரல்களின் பதிப்புகளைச் சேமித்து ஒப்பிடும் ஆக்டோபிளான்ட் போன்ற மென்பொருள் சிறிய ஆலைக்குக் கட்டுப்படியாகுமா? மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இன்வெர்ட்டர் அமைப்புகளையும் அதிலேயே வைக்கிறீர்களா? வெளியாள் மாற்றம் செய்தால், புறப்படும் முன் கோப்பை எப்படி வாங்கிக்கொள்கிறீர்கள்? விலை தெரிந்தவர்கள் ரிங்கிட்டில் சொல்லுங்கள். மேலாளர் முதலில் அதைத்தான் கேட்பார்.